ஒன்றின் மடங்குகள் எல்லாம் உட்காருங்கள்

மகனுக்கு,

மூன்று வாரத்துக்கு முன்னர் தொலைபேசியில் நான் உன்னிடம் சொன்னது பொய். "டீச்சருக்கு அன்னைக்கு வர முடியாதாம்" என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை. சுகமாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று விசாரித்துவிட்டு இரண்டாம் பக்கத்தில் இதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி எழுதினால் நீ முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, "அம்மா வழக்கம் போல எழுதியிருக்காங்க" என்று மடித்து வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இதைத் தொலைபேசியில் சொல்லாததற்கும் காரணம் இருக்கிறது. நடுவில் நீ "சரி விடுங்கம்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். இந்த முறை விடக்கூடாது.

நீ கேட்டது சின்ன விடயம்தான். அடுத்த வாரம் ஞாயிறு உன் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்திலேயே பதிவு. பெண் பக்கத்தில் ஒருவர், நம் பக்கத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா வீட்டிலும் மாமாவோ சித்தப்பாவோ போடுவார்கள். நீ சொன்னாய்: "அம்மா, நம்ம பக்கத்துக் கையெழுத்த டீச்சர் போட்டா நல்லா இருக்கும். நீங்க நேர்ல போய்க் கேளுங்க. ஃபோன்ல கேட்டா மரியாதை இல்ல." எந்த டீச்சர் என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருடம் நானும் டீச்சராக இருந்தவள், கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. நீ சிரித்தாய். "என்னம்மா, டீச்சர்னா டீச்சர்தான்." தரம் ஆறில் மாத்தளை டவுன் பாடசாலையில் உனக்குக் கணிதம் படிப்பித்தவர். பதினேழு வருடமாக நம் வீட்டில் அடைமொழி இல்லாமல் 'டீச்சர்' என்றால் அவர்தான். என்னை நீ அம்மா என்கிறாய், அது போதாதா என்று உன் அப்பா கேட்கிறார். போதாது. அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் பார்க்கிறேன்.

நான் போகாமல் இருக்கவில்லை. கல்யாண அழைப்பிதழை எடுத்துக்கொண்டு, கற்கண்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, எல்கடுவவிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கிக் கொங்காவெலயில் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. "அடடே, வாங்க டீச்சர், உள்ளுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். தேத்தண்ணி வந்தது, தொதல் இனிப்பும் வந்தது. அழைப்பிதழைப் பிரித்துப் பெண்ணின் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கலேவெல ஊர்ப் புள்ளதானே! தங்கமான புள்ள டீச்சர். போன நோன்புல ரெண்டு பேரும் வந்து கஞ்சி குடிச்சிட்டுப் போனாங்க. வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல ஏனமெல்லாம் கழுவி வச்சிட்டுத்தான் போச்சு."

மகனே, அந்தப் பெண்ணைப் பற்றி நீ என்னிடம் முதன்முதலில் சொன்னது ஆடி மாதத்தில். நோன்புக்கும் ஆடிக்கும் நடுவில் எத்தனை மாதம் என்று நான் அந்தக் கதிரையில் இருந்தபடியே விரல் விட்டு எண்ணினேன். கையிலிருந்த தொதல் துண்டைக் கிண்ணத்திலேயே திருப்பி வைத்தேன். என் மருமகள் யார் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கழுவி வைத்த கிண்ணத்தில்தான் எனக்குத் தொதல் வைத்தாரோ என்னவோ. கேட்க வந்ததைக் கேட்காமலே விட்டேன்.

அதோடு எழுந்து வந்திருந்தால் பாதிப் பாவம்தான். அவர் தானாகவே சொன்னார்: "கட்டார்ல மகளுக்குப் புள்ளப்பேறு டீச்சர். நான் போகணும். கல்யாணத்துக்கு முன்னால போறதா, இருந்து பார்த்துட்டுப் போறதான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன். இன்னும் டிக்கெட் போடல்ல." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். நான் சொன்னது இது: "மகள் பக்கத்துல நீங்க இருக்கிறதுதான் முக்கியம் டீச்சர். எங்களப் பார்க்காதீங்க. முன்னாலயே போங்க." எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு என்று அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை உனக்கு அழைத்து, முடியாதாம் என்றேன். நீ "பரவாயில்லம்மா, மாமாகிட்ட சொல்லுங்க" என்றாய்.

இந்தப் பொறாமை எங்கே தொடங்கியது என்பதை நீ அறிய வேண்டும். அது ஒன்று என்ற எண்ணில் தொடங்கியது. சிரிக்காதே.

என்னை அரசாங்கம் தமிழ் படிப்பிக்கத்தான் நியமித்தது. மேலே தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் கணிதத்துக்கு ஆள் வரவில்லை, வந்தவர்களும் மூன்று மாதத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அதிபர் ஒருநாள் கணிதப் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "டீச்சர், கொஞ்ச நாளைக்கு" என்றார். அந்தக் கொஞ்ச நாள் நான் ஓய்வு பெறும் வரை நீண்டது. ஒரே மண்டபம், நடுவில் ஒரு கரும்பலகை. இந்தப் பக்கம் தரம் ஐந்து, அந்தப் பக்கம் தரம் ஆறு. ஐந்தில் இருந்த நீங்கள் எல்லோரும் ஆறுக்கு நான் சொல்வதையும் கேட்பீர்கள். எனக்குக் கணிதம் தெரியாது, சொற்கள் தெரியும். ஆகவே கணிதத்தையும் சொற்களாகவே படிப்பித்தேன். காரணி என்றால் என்ன? ஒரு எண் உண்டாவதற்குக் காரணமாக இருப்பது. ஆறு உண்டாக இரண்டும் மூன்றும் காரணம், ஆகவே அவை ஆறின் காரணிகள். மடங்கு என்றால் மடித்து மடித்து வைப்பது, உங்கள் அம்மா கொழுந்துச் சாக்கை மடிப்பது போல. இதெல்லாம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. முதன்மை எண் வந்தது. முதன்மை என்றால் முதலில் நிற்பது. எண்களில் முதலில் நிற்பது யார்? ஒன்று. ஆகவே ஒன்று முதன்மை எண், எல்லா முதன்மை எண்களுக்கும் தலைவர். "ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்" என்று எப்போதோ படித்த நினைவும் இருந்தது. ஒன்று ஒன்றால் வகுபடுகிறது, தன்னாலும் வகுபடுகிறது. சரியாகத்தானே இருக்கிறது? இந்தியாவில் இதையே பகா எண் என்கிறார்களாம். அந்தச் சொல் நம் புத்தகத்தில் இருந்திருந்தாலும் ஒன்றை யார் பகுக்க முடியும் என்று சொல்லி அதே குழியில்தான் விழுந்திருப்பேன். மண்டபம் அதிரப் பிள்ளைகள் சொல்வார்கள்: "ஒண்ணு முதல்! ஒண்ணு முதன்மை!" உன் குரல் கரும்பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்.

ஐந்து முடித்ததும் சில பிள்ளைகள் டவுன் பாடசாலைக்குப் போவார்கள், நீயும் போனாய். முதலாம் தவணைப் பரீட்சையில் இருபதுக்குக் கீழ்ப்பட்ட முதன்மை எண்களை எழுதச் சொன்னார்கள். நீ ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கியிருந்தாய். அந்த ஒன்றின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு சிறிய கோடு. நீ எழும்பி நின்று வாதாடியதை அன்று பின்னேரம் நீயே எனக்கு நடித்துக் காட்டினாய். சீருடை கூடக் கழற்றவில்லை.

"டீச்சர் கேட்டாங்கம்மா, 'ஒண்ணு முதன்மைன்னு யாரு சொன்னா?'ன்னு. நான் சொன்னேன், 'எங்கம்மா. அவங்களும் டீச்சர்'னு. 'அப்ப அம்மா சொன்ன மாதிரியே செஞ்சு பார்ப்போம், எல்லாரும் வெளிய வாங்க'ன்னு சொல்லிட்டாங்க."

நாற்பது பிள்ளைகளும் மைதானத்தில், வரவு பதியும் இடாப்பில் உள்ள இலக்கப்படி நின்றிருக்கிறீர்கள். உன் இலக்கம் ஒன்று. விளையாட்டு இதுதான்: ஒரு முதன்மை எண் முன்னால் வந்து தன் மடங்குகளை உட்காரச் சொல்ல வேண்டும். மடங்குகள் உட்கார, சொன்னவர் மட்டும் நிற்பார். கடைசியில் யார் யார் நிற்கிறார்களோ அவர்களே முதன்மை எண்கள். "முதல்ல நீதானே, நீயே தொடங்கு" என்றாராம் டீச்சர். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சத்தமாகச் சொல்லியிருக்கிறாய்: "ஒன்றின் மடங்குகள் எல்லாம் உட்காருங்கள்!"

"எல்லாரும் உட்கார்ந்துட்டாங்கம்மா! முப்பத்தொம்பது பேரும்! ரெண்டு, மூணு, அஞ்சு, எல்லாம் போச்சு. நான் மட்டும் கம்பம் மாதிரி நின்னுக்கிட்டு இருக்கேன். வெளையாட்டே முடிஞ்சிருச்சு!"

சொல்லிவிட்டு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு இரண்டிலிருந்து மறுபடி தொடங்கினீர்கள். இரண்டு நின்றது, நாலும் ஆறும் எட்டும் உட்கார்ந்தன. மூன்று அழைத்தது, ஐந்து அழைத்தது. ஏழு வாயைத் திறக்கும்போது பதினான்கும் இருபத்தொன்றும் இருபத்தெட்டும் முப்பத்தைந்தும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தன. "ஏழுக்கு வேலையே இல்லம்மா!" பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒன்றுக்கு ஒரே ஒரு காரணிதான், முதன்மை எண்ணுக்கு இரண்டு வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று நீ எனக்கு விளக்கினாய். என் மகன், எனக்கு. "ஒண்ணு முதன்மையும் இல்ல, வேற எண்களாப் பிரியிற சேர்த்தி எண்ணும் இல்லம்மா. அதனால டீச்சர் என்னயத் தன் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டாங்க."

எனக்கு மற்றதெல்லாம் கேட்கவில்லை. அந்தப் 'பக்கத்துல' மட்டும் கேட்டது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் என் பிழையை என் மகனின் வாயாலேயே சொல்ல வைத்து, அவனையே சிரிக்கவும் வைத்து, தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். பொறாமைக்குத் தெரிந்ததும் தெரியாததும் ஒன்றுதான். "போய்க் கைகால் கழுவு" என்றேன். நீ முகம் சுருங்கி எழுந்து போனாய்.

அதற்குப் பிறகு நான் செய்தவை உனக்குத் தெரியாது. நீ தூங்கிய பிறகோ விளையாடப் போன பிறகோ உன் கணிதக் கொப்பியை எடுத்துப் பக்கம் பக்கமாக வாசிப்பேன். உன் கணக்கைப் பார்ப்பதற்காக அல்ல, ஓரத்தில் அவர் சிவப்பில் எழுதியிருப்பதைப் பார்ப்பதற்காக. "நல்ல வழி. இன்னொரு வழியும் இருக்கு, தேடு." நான் எந்தப் பிள்ளையின் கொப்பியிலாவது சரி, பிழை தவிர ஒரு வசனம் எழுதியிருக்கிறேனா? அவரை ஒருமுறையாவது மடக்க வேண்டும் என்று நானே கணிதம் படிக்கத் தொடங்கினேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம் கேட்டேன்: "தொண்ணூத்தொண்ணு முதன்மையா, சேர்த்தியா? ஒங்க டீச்சருக்குத் தெரியுமான்னு கேட்டுட்டு வா." எனக்குத் தெரிந்த வாய்ப்பாடு முழுவதிலும் தேடிவிட்டேன், எந்த வாய்ப்பாட்டிலும் அது இல்லை. நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைக் கூட நிமிர்த்தாமல், "ஏழு பதின்மூணும்மா" என்றாய். நான் படித்த வாய்ப்பாடு பன்னிரண்டோடு நின்றுவிட்டது. ஒரு படி தள்ளி அந்த எண் ஒளிந்திருந்திருக்கிறது. உன் அப்பா கறிச்சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஒனக்கு அந்த டீச்சர் மேல பொறாம. அத ஏன் புள்ளகிட்ட காட்டுற?" என்றார். பொறாமையா, எனக்கா என்று அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

இவையெல்லாம் சில்லறை. இனி எழுதப் போவதுதான் பெரிது. ஒன்று முதன்மை எண் அல்ல என்று நீ சொன்ன மறுநாள் காலை, நான் வகுப்புக்குப் போய், "பிள்ளைகளே, டீச்சர் பிழையாகச் சொல்லிவிட்டேன், கொப்பியில் அந்த ஒன்றை வெட்டிவிடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. நான் சொல்லவில்லை. அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் அதையே படிப்பித்தேன். "ஒண்ணு முதல், ஒண்ணு முதன்மை." திருத்தினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவர் சொன்னது சரி என்றுதான் இருந்தது, ஆனால் என் வாயால் அது ஆகக்கூடாது. தெரியாமல் படிப்பித்த வருடங்களுக்கு நான் வெட்கப்படவில்லை மகனே. தெரிந்த பிறகும் படிப்பித்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து ஈரக் காலோடு வந்த பிள்ளைகள் என்னை நம்பி அதை எழுதிக்கொண்டு போனார்கள்.

நீ இப்போது ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய், ஆகவே ஒன்று சொல்கிறேன். உன்னிடம் கிடைக்காத ஏதோ ஒன்று அவளுக்கு வேறு ஒருவரிடம் கிடைக்கும். தங்கச்சியிடமோ, வேலை செய்யும் இடத்தில் ஒரு சிநேகிதியிடமோ. அவள் சிரித்துக்கொண்டே வந்து உன்னிடம் சொல்லும்போது கைகால் கழுவச் சொல்லாதே. கேள். வயிறு எரிந்தால் எரியட்டும், கேள். பிழை என்று தெரிந்தால் மறுநாள் காலையிலேயே திருத்து. நாள் போகப் போக அந்தப் பிழை வேர் விடும்.

இன்னொன்றும் இருக்கிறது, அது உன் கொப்பியில் நான் திருட்டுத்தனமாகப் படித்தது, ஆகவே உண்மையில் அவர் சொன்னது. உன் வேலையில் ஆறு நாளுக்கு ஒருமுறை லீவு. அவள் தாதி, நாலு நாளுக்கு ஒருமுறை லீவு. ஆறையும் நாலையும் பெருக்கி, இருபத்துநாலு நாளுக்கு ஒருமுறைதான் இருவரும் சேர்ந்து வீட்டில் இருப்போம் என்று கவலைப்படாதே. பன்னிரண்டாம் நாளே வரும். ஆறுக்கும் நாலுக்கும் பொதுவாக ஒரு இரண்டு இருக்கிறது, அது காத்திருப்பைப் பாதியாக்கிவிடுகிறது. ஐந்தும் ஏழுமாக இருந்திருந்தால் முப்பத்தைந்து நாள் முழுதாகக் காத்திருக்க வேண்டும், பொதுவாக எதுவும் இல்லாததால். உங்கள் இருவருக்கும் பொதுவாக உள்ளது எது என்று தேடி வைத்துக்கொள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

இனி மூன்று வாரத்துக்கு வருகிறேன். பொய் சொல்லிவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். உன் மாமா சாட்சிக் கையெழுத்துக்கென்று புதுச் சட்டை வாங்கினார். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகினார். போன புதன்கிழமை நீ அழைத்து, மண்டபம், மாலை, சாப்பாடு என்று எல்லாம் கதைத்துவிட்டு வைக்கப் போகும்போது கேட்டாய்: "அம்மா, டீச்சர் வேற ஏதாவது சொன்னாங்களா? நான் அவங்களுக்கு ஏதாவது தப்பா செஞ்சிட்டேனா?" இல்லை என்றேன். "எனக்கு என்னமோ மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும்மா. அதான் அவங்களுக்கு ஃபோன் எடுக்கவும் இல்ல" என்றாய்.

அந்தக் குரல் பதினொரு வயதில் கைகால் கழுவ எழுந்து போன பிள்ளையின் குரல். என் பொறாமை அவரைத் தள்ளி வைத்ததாக நினைத்திருந்தேன். தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தது நீ.

மறுநாள் வியாழக்கிழமை மறுபடி கொங்காவெலக்குப் போனேன். இந்த முறை பழமும் இல்லை, கற்கண்டும் இல்லை. "டீச்சர், போன முறை ஒண்ணு கேக்க வந்திட்டுக் கேக்காமலே போயிட்டேன்" என்றேன்.

"தெரியுமே" என்றார். "தேத்தண்ணி ஆறிப் பச்சத்தண்ணியாகிற வரைக்கும் கோப்பயில கை வைக்கல்ல நீங்க. என்னமோ கேக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன். மகனும் மூணு கெழமையா ஒரு ஃபோன் கோல் எடுக்கல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து, நோன்புக் கஞ்சி, முன்னாலயே போங்க என்றது, உனக்குச் சொன்ன பொய். அவர் முகத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பைப் பார்த்துச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை, ஒன்று என்ற எண்ணின் கதையையும் சொல்லிவிட்டேன். "நீங்க அவனுக்குத் திருத்திக்கொடுத்த பெறகும் ரெண்டு வருசம் நான் எம் புள்ளைகளுக்குப் பிழையாத்தான் படிப்பிச்சேன் டீச்சர். தெரிஞ்சே."

"ரெண்டு இல்ல டீச்சர்" என்றார் மெதுவாக. "நாலு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தரம் ஆறுக்கு வாற புள்ளைகள்ல யாரு உங்க ஸ்கூல்னு நான் இடாப்பப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தேவல்ல. முதன்மை எண்ண எழுதச் சொன்னா ஒண்ணுல தொடங்குவாங்க. மத்தப் புள்ளைகளும் பிழை விடுவாங்க, ஏன்னு கேட்டா முழிப்பாங்க. உங்க புள்ளைகள் மட்டும் டக்குன்னு எழும்பி நின்னு காரணம் சொல்வாங்க. முதல்ல வாறதால முதன்மையாம்! காரணி கேட்டா காரணம் சொல்ற புள்ளைகள்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "நாலு வருசமும் மைதானத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய் ஒண்ண வச்சே வெளையாட்டத் தொடங்கினேன்."

நான் இரண்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். மனம் தனக்கு வசதியாகப் பாதியை அழித்துவிட்டிருக்கிறது. ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன். எனக்குக் கோபம் கூட வந்தது.

"சொல்லியிருக்கணும். புள்ளைகளோட விசயம், சொல்லாதது என்ட பிழை" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "உங்க மகன் அந்த முதல் நாளே ஓடி வந்து கேட்டுக்கிட்டாரு. 'எங்கம்மாகிட்ட நீங்க சொல்லாதீங்க டீச்சர். நான் சொன்னா பரவாயில்ல. நீங்க சொன்னா அவங்க கவலப்படுவாங்க'ன்னு. அந்த வயசுல ஒரு புள்ள அப்படிக் கேட்டா என்ன செய்யிறது?"

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் பாதி உண்மை. மறு பாதியையும் எழுதுகிறேன். அந்த நிமிடத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. என்னைக் காப்பாற்றுவதற்காகக்கூட நீயும் அவரும்தான் ஒரு பக்கம் நின்று ரகசியம் பேசியிருக்கிறீர்கள். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். திட்டவில்லை. அந்த நல்ல குணத்தையும் என்னால் பொறுக்க முடியவில்லை. இது போய்விட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். போகவில்லை.

கேட்டேன், கடைசியில். "நம்ம பக்கத்துச் சாட்சிக் கையெழுத்த நீங்க போடணும் டீச்சர். அவன் ஆசப்படுறான்." அவர் எழுந்து போய்க் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கட்டார் டிக்கெட். வெள்ளிக்கிழமை, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால். "நீங்கதானே முன்னாலயே போங்கன்னீங்க. அன்னைக்கே கேட்டிருந்தா திங்கக்கெழமைக்குப் போட்டிருப்பேனே." குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். நான் சொன்ன பொய் மூன்று வாரத்தில் உண்மையாகிவிட்டிருந்தது. அவருக்கு அன்று வர முடியாது.

பஸ் ஏறாமல் நேரே பதிவாளரிடம் போனேன். கல்யாண அறிவித்தல் கொடுத்துக் காத்திருக்க வேண்டிய நாட்கள் முடிந்துவிட்டன, பதிவை முன்கூட்டியே வைக்கத் தடை இல்லை என்றார். நேற்று கலேவெலவுக்கு அழைத்து உன் மாமியாரிடம் பேசினேன். "ஏன் சம்பந்தி திடீர்னு?" என்று கேட்டார். வேறு காரணம் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் முழுதையும் கேட்டு முடித்தார். பிறகு, "எம் மகளுக்கு வாய்ச்ச மாமியார் நல்லா இருக்காங்க போங்க" என்று சிரித்தார். பாராட்டா, நக்கலா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. உன் வருங்கால மனைவி போனை வாங்கி, "அத்தை, எனக்கு அன்னைக்கு டியூட்டி. மாத்திக்கிறேன். நீங்க அழாதீங்க" என்றாள். நான் அழவில்லை, தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருக்கிறது. அவளிடம் சொல்லி வை. உனக்கு நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமாவிடம் சொன்னபோதுதான் கஷ்டம். "அப்ப நான் வாங்கின சட்ட?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பந்திக்குப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், வந்ததும் நீ சமாதானம் செய்.

ஆகவே வருகிற புதன்கிழமை பின்னேரமே வந்து சேர். வியாழன் காலை பத்து மணிக்குப் பதிவு. உனக்கு என் மேல் கோபம் இருக்கும். அதைக் குறைத்துக்கொண்டு வரவேண்டிய தேவை இல்லை, கோபத்தோடேயே வா. ஆனால் டவுனில் இறங்கியதும் முதலில் அவரிடம் போய், நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று அவர் வாயால் கேட்டுவிட்டு, பிறகு வீட்டுக்கு வா. எனக்கு முன்னால் அவரிடம் போகச் சொல்லி நானே எழுதுகிறேன், எழுதும்போது பேனா கொஞ்சம் அழுத்தமாகத்தான் பதிகிறது.

எனக்காக ஒன்று மட்டும் செய். இத்தனை பக்கம் எழுதியும் அவருடைய பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை, கவனித்தாயா? பதினேழு வருடத்தில் ஒருநாளும் அதை என் வாயால் சொன்னதில்லை. 'ஒங்க டீச்சர்' என்பேன், 'அவங்க' என்பேன். வியாழக்கிழமை பதிவாளர் சாட்சியின் பெயரையும் தொழிலையும் கேட்பார். நீ வாயைத் திறக்காதே, அவரும் சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன். பெயர் நஸீமா. தொழில், கணித ஆசிரியை.

அம்மா